பழைய வீட்டுக்குப் பக்கத்தில் ஆபீஸ் கட்டடம்: காரைக்குடிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடியிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் கட்டடத்துக்குப் பிளான் போட்டு, அனுமதி வாங்கித் தருவது என் தொழில். 2024-ல் ஊர் மாநகராட்சி ஆன பிறகு, கடைத்தெருவை ஒட்டிய பழைய தெருக்களில் நாலு மாடி, ஐந்து மாடி அலுவலகம் கட்ட வேண்டும் என்று வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். அவர்கள் போன மறுநாளே பக்கத்து வீட்டுக்காரர்களும் வருகிறார்கள். கட்டுகிறவர் கேட்பது ஒன்று, பக்கத்து வீட்டு ஆச்சி கேட்பது வேறு. இரண்டையும் கலந்தே இங்கே எழுதியிருக்கிறேன்.

எங்கள் வீட்டை ஒட்டிய மனையில் ஐந்து மாடி ஆபீஸ் வருகிறதாம். எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் எப்படி அனுமதி கொடுத்தார்கள்?

கேட்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. பலருக்கு இது நம்ப முடியாத சங்கதி. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ல் வந்தது. அதன்படி மனைக்குச் சொந்தக்காரர் விண்ணப்பிப்பார். மனை எந்தப் பயன்பாட்டுப் பகுதியில் இருக்கிறது, ரோடு எவ்வளவு அகலம், எத்தனை அடி இடைவெளி விட்டிருக்கிறார், வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா என்று அதிகாரிகள் பார்ப்பார்கள். கணக்கு சரியாக இருந்தால் அனுமதி. பக்கத்து வீடு கீற்றுக் கொட்டகையா, பர்மாத் தேக்குத் தூண் நிற்கும் வீடா என்று அந்தக் கணக்கில் ஒரு கட்டமும் கிடையாது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் பொதுமக்கள் வாய் திறக்க வழி வைத்திருக்கிறார்கள். மனை குடியிருப்புப் பகுதியில் இருந்து, அந்தப் பகுதியில் அனுமதிக்காத வணிகக் கட்டடம் கட்ட வேண்டுமானால் முதலில் நிலப் பயன்பாட்டை மாற்ற வேண்டும். அதற்குப் பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்து ஆட்சேபம் கேட்பார்கள். அறிவிப்பு பொடி எழுத்தில், டெண்டர் விளம்பரங்களுக்கு நடுவே, வெறும் சர்வே எண்ணாக வரும். தெருப் பேரைத் தேடினால் கண்ணில் படாது. அதனால் உங்கள் வீட்டு சர்வே எண்ணையும் இரண்டு பக்கத்து மனைகளின் எண்ணையும் ஒரு தாளில் எழுதி நாள்காட்டிக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். ஜேசிபி வந்து நின்ற பிறகு ஓடிவருகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்த அவகாசம் எப்போதோ முடிந்துபோயிருக்கும்.

அனுமதி கொடுப்பது மாநகராட்சியா, நகர் ஊரமைப்பா?

இரண்டும்தான். திட்ட அனுமதி என்பது ஒன்று, கட்டட அனுமதி என்பது இன்னொன்று. கட்டடத்தின் அளவைப் பொறுத்து, திட்ட அனுமதி நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அலுவலகத்திலிருந்தோ அதிகாரம் பிரித்துக் கொடுக்கப்பட்ட உள்ளாட்சியிலிருந்தோ வரும். கட்டட அனுமதி உள்ளாட்சியுடையது. இப்போது எல்லாம் ஒற்றைச் சாளர முறையில் ஆன்லைனில்தான் போகிறது. விதிகள் 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்.

2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் உடனே அனுமதி கிடைக்கிறதே, அதில் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அது 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்கு. ஆபீசுக்குப் பொருந்தாது.

எத்தனை மாடி வரை போகலாம்?

மாடிக் கணக்கை விட்டுவிட்டு உயரக் கணக்குக்கு வாருங்கள். 18.30 மீட்டர் வரை சாதாரணக் கட்டடம். அதைத் தாண்டினால் உயர்மாடிக் கட்டடம். அதற்கு அகல ரோடு வேண்டும், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். 12 மீட்டர் அகலம்கூட இல்லாத தெருவில் உயர்மாடிக்கு வழியில்லை. ஆகவே நம் பழைய தெருக்களுக்குள் வரக்கூடியது பெரும்பாலும் 18.30-க்குள் அடங்கும் கட்டடம்தான்.

உயரத்தோடு தளப் பரப்புக் குறியீடு என்று இன்னொரு கணக்கும் உண்டு; மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்பது அது. சாதாரணக் கட்டடத்துக்கு 2. இருபது சென்ட் மனை என்றால் 8,712 சதுர அடி. அதில் மொத்தத் தளமும் சேர்த்து 17,424 சதுர அடி வரை கட்டலாம். மனையில் பாதியை மூடிக் கட்டினால் நாலு தளத்தில் கணக்கு முடிந்துவிடும்.

நாலு தளம் என்றால் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். உங்கள் வளவு வாசலில், அதாவது வீட்டு நடு முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் இத்தனை வருஷமாக வானம் மட்டும் தெரிந்தது. இனி நாலாவது மாடி ஜன்னல் தெரியும். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு உங்கள் வளவு தெரியும்.

எங்கள் வீடு நூறு வருஷத்துக்கு மேல் பழசு. பாரம்பரியக் கட்டடம் இல்லையா?

வயசு மட்டும் போதாது. ஏதாவது ஒரு பட்டியலில் பெயர் ஏறியிருக்க வேண்டும். இந்தக் கேள்விக்கு வருகிறவர்கள் நாலு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் வருகிறார்கள்.

100 மீட்டருக்குள் எதுவும் கட்டக் கூடாது, அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வாங்கிக் கட்ட வேண்டும் என்று ஒரு சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 1958-ஆம் ஆண்டுச் சட்டம், 2010-ல் திருத்தப்பட்டது. ஆனால் அது இந்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னங்களுக்கு மட்டும். திருமயம் கோட்டைக்குப் பக்கத்தில் மனை வாங்கியவருக்கு அந்தச் சட்டம் பொருந்தும். செட்டிநாட்டு வீடுகளோ தனியார் சொத்து. அந்தக் கணக்கில் வராது. மாநிலத் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னங்களுக்கு 1966-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது.

அடுத்தது யுனெஸ்கோ. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. உத்தேசப் பட்டியல் என்றால், பின்னால் உலகப் பாரம்பரியச் சின்னமாக முன்மொழிய இந்திய அரசு எண்ணியிருக்கிறது என்று பொருள். அதை வைத்து ஒரு செங்கல்லைக்கூடத் தடுக்க முடியாது. சுற்றுலா பேனரில் அச்சடிக்கலாம்.

உருப்படியாக ஏதாவது நடக்கக்கூடிய இடம் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையம். அதற்கான சட்டம் 2012-ல் நிறைவேறி, 2024-ல்தான் நடைமுறைக்கு வந்தது. பாரம்பரியக் கட்டடங்களை அடையாளம் கண்டு பட்டியலிடுவதும், அவை சம்பந்தப்பட்ட கட்டுமானத்தில் ஆலோசனை சொல்வதும் அதன் வேலை. பட்டியலில் ஏறினால் பிற்பாடு விற்கவும் மாற்றவும் முடியாதே என்று சொந்தக்காரர்களே பயப்படுகிறார்கள். பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பட்டியலுக்கு வெளியே இருந்துகொண்டு பட்டியலின் பாதுகாப்பு மட்டும் கேட்டால்தான் நடக்காது என்கிறேன்.

பட்டியல் இல்லாமல் போராடினால் எவ்வளவு இழுக்கும் என்பதற்குச் சென்னையைப் பாருங்கள். அண்ணா சாலை பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006-ல் இடிக்கத் தொடங்கினார்கள். வழக்குப் போய், 2010-ல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. கட்டடம் தப்பியது. பாரம்பரியக் கட்டடங்களைப் பார்ப்பதற்கென்று சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தில் ஒரு குழுவும் இருக்கிறது. அந்தக் குழுவின் எல்லை சென்னைப் பெருநகரோடு முடிந்துவிடும்.

கோயில் கோபுரத்தைவிட உயரமாகக் கட்டக் கூடாதாமே?

மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என்ற கட்டுப்பாடு உண்டு. அதையே எல்லாக் கோயிலுக்கும் பொது விதி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்தந்த இடத்துக்குத் தனி உத்தரவு இருந்தால்தான் செல்லும்.

பக்கத்தில் பள்ளம் தோண்டினால் எங்கள் சுவருக்கு என்ன ஆகும்?

இதைத்தான் எல்லாரும் முதலில் கேட்டிருக்க வேண்டும். உயரத்தைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள்; பழைய வீட்டை உடைப்பது கீழே நடக்கும் வேலை.

நம் வீடுகளின் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். கனமான சுவர், ஆழமில்லாத அஸ்திவாரம். உள்ளே கம்பி கிடையாது, காங்கிரீட் பெல்ட் கிடையாது. தன் எடையாலேயே நிற்கிறது. மண் அசையாத வரைக்கும் இன்னும் நூறு வருஷம் நிற்கும். பக்கத்தில் வண்டி நிறுத்துவதற்காகப் பத்தடிக்குப் பாதாளத் தளம் தோண்டினால், அஸ்திவாரத்துக்கு அடியில் இருக்கும் மண் அந்தப் பள்ளத்தைப் பார்த்துச் சாயும். ஊற்றுத் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்தால் மண் இன்னும் அமுங்கும். புதுக் கட்டடத்தின் அஸ்திவாரம் கெட்டித் தரை வரைக்கும் போய் நிற்கும். பழைய வீடு மேல்மண்ணில் உட்கார்ந்திருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன் நான் பிளான் போட்ட ஒரு மனையிலேயே இது நடந்தது. மழைக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று, மனையின் முழு நீளத்துக்கும் ஒரே மூச்சாகத் தோண்டிவிட்டார் காண்டிராக்டர். பகுதி பகுதியாகத் தோண்டிக் கட்டிக்கொண்டே போங்கள் என்று வாயால் சொல்லியிருந்தேன், எழுதிக் கொடுக்கவில்லை. ஐப்பசியில் நாலு நாள் மழை. ஐந்தாம் நாள் காலையில் பக்கத்து வீட்டு ஆச்சி கூப்பிட்டார்கள். பட்டாலை என்னும் கூடத்தின் சுவரில் முட்டை வெள்ளைக்கரு கலந்து இழைத்த பூச்சு ஒரு முறம் அளவுக்கு உரிந்து கீழே கிடந்தது. அடியில் தலைமுடி கனத்துக்கு ஒரு வெடிப்பு, நிலைப்படி மூலையிலிருந்து சாய்வாக மேலே ஓடியது. "பூச்சை விடுப்பா, பூசிக்கலாம். கோடு நாளைக்கு இன்னும் போகுமா, அதச் சொல்லு" என்றார்கள். என்னால் சொல்ல முடியவில்லை.

அதற்கு ஒரு பழைய வைத்தியம் உண்டு. மெல்லிய கண்ணாடித் துண்டை வெடிப்புக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையையும் சாந்தால் ஒட்டித் தேதி எழுதிவிட வேண்டும். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். நாங்கள் ஒட்டிய மூன்றில் ஒன்று பதினோராம் நாள் உடைந்தது. அன்றே பள்ளத்தில் மண்ணைத் திரும்பக் கொட்டி, முட்டுக் கொடுத்தோம். மற்ற இரண்டும் உடையவில்லை.

ஆகவே பக்கத்தில் வேலை தொடங்கும் முன்பே, ஒவ்வொரு அறைச் சுவரையும் இன்றைய செய்தித்தாளைப் பக்கத்தில் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இருக்கும் வெடிப்புகளையும் மறைக்காமல் எடுங்கள். கட்டுகிறவரும் நீங்களும் பொறியாளர் ஒருவரை வைத்துச் சேர்ந்து எடுத்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டால் இரண்டு தரப்புக்கும் நல்லது. பிற்பாடு, இது போன தீபாவளிக்கே இருந்த வெடிப்பு என்று அவர் சொல்ல முடியாது. பழைய வெடிப்புக்கு நீங்களும் காசு கேட்க முடியாது.

மழைத் தண்ணீர் எங்கள் பக்கம் திரும்புமா?

திரும்பும், கவனிக்காவிட்டால். செட்டிநாட்டுத் தெருக்கள் சும்மா நேராகப் போடப்பட்டவை இல்லை. கூரைத் தண்ணீர் வளவு வாசலில் விழும். கிடாரத்தில் (பெரிய அண்டாவில்) பிடித்தது போக மிச்சம் கல் வாய்க்கால் வழியாக வெளியே வந்து, தெருச் சரிவில் ஓடி ஊருணிக்குப் போகும். வீடு முன் தெருவிலிருந்து பின் தெரு வரை நீண்டு கிடப்பதால் வாய்க்காலும் அப்படியே நீண்டு போகிறது.

புதுக் கட்டடம் கட்டுகிறவர் தன் தரைமட்டத்தை ரோட்டிலிருந்து மூன்றடி உயர்த்துவார். அவர் செய்வதில் தவறில்லை, ரோடும் ஒவ்வொரு தடவை போடும்போது ஏறிக்கொண்டே போகிறது. இரண்டுக்கும் நடுவில் பழைய வீடு பள்ளத்தில் மாட்டிக்கொள்கிறது. பிளானில் மழைநீர் சேகரிப்புக் குழி காட்டியிருப்பார்கள். அது 2003-லிருந்து கட்டாயம். அந்தக் குழியைப் பொதுச் சுவரை ஒட்டி வைத்தார்களா என்று பாருங்கள். ஒட்டி வைத்தால், சேகரித்த நீர் முழுக்க உங்கள் அஸ்திவாரத்துக்குத்தான். சுண்ணாம்புச் சுவர் கீழிருந்து ஈரத்தை உறிஞ்சும். அதைப் பார்த்துப் பயந்து சிமென்ட் பூச்சுப் பூசினீர்கள் என்றால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும்.

முகப்பைச் செட்டிநாடு பாணியில் போட்டால் அனுமதி சீக்கிரம் கிடைக்குமா?

கிடைக்காது. கொடுக்கும் விதியும் இல்லை. என் அபிப்பிராயத்தைக் கேட்டால், சிமென்ட் அச்சில் வார்த்த தூணுக்கு மேல் பெயின்ட் அடித்த கஜலட்சுமியும், அதற்கு மேல் மூன்று மாடிக் கண்ணாடியும் வைப்பதைவிடச் சாதாரணமாகக் கட்டுவது மேல்.

தெருவோடு பொருந்த வேண்டும் என்று உண்மையாகவே நினைப்பவர் கவனிக்க வேண்டியது வேறு. பழைய வீடுகளின் முகப்பு எல்லாம் ஒரே கோட்டில் நிற்கும். மேடை உயரம், முதல் மாடி விளிம்பு இரண்டும் ஏறக்குறைய ஒரே மட்டம். இங்கே விதியே ஒரு வேலை செய்துவிடுகிறது: முன்பக்கம் இடைவெளி விடச் சொல்வதால் புதுக் கட்டடம் பின்வாங்கி நிற்கும். வரிசையில் பல் விழுந்த மாதிரி ஒரு ஓட்டை, அதில் வண்டிகள். தொடர் கட்டடப் பகுதி என்று வகைப்படுத்திய இடத்தில் பக்கவாட்டு இடைவெளி விடாமல் வரிசையோடு சேர்த்துக் கட்ட முடியும். உங்கள் தெரு அந்த வகையில் வருகிறதா என்று மனை வாங்கும் முன்பே விசாரியுங்கள். இல்லையென்றால், முன்னால் தெருக்கோட்டில் ஒரு மதிலாவது பழைய மட்டத்துக்கு எழுப்பலாம். கண்ணுக்கு வரிசை தொடரும்.

பழைய வீட்டை இடித்துவிட்டுக் கட்ட நினைக்கிறோம். பங்காளிகளில் ஒருவர் கையெழுத்துப் போடவில்லை.

அப்படியானால் அனுமதிக்கு வர வேண்டாம். முதலில் வக்கீலிடம் போங்கள். ஒரு வீட்டில் இருபது, முப்பது பேருக்குப் பங்கு இருப்பது இங்கே சகஜம். பாதிப் பேர் சென்னையில், சிலர் மலேசியாவில். பாகம் பிரியாத சொத்தில் எல்லாரும் கையெழுத்திடாமல் பிளான் போகாது. உண்மையைச் சொன்னால், செட்டிநாட்டில் பல வீடுகளை இதுவரை காப்பாற்றியது எந்தச் சட்டமும் இல்லை, கையெழுத்துப் போடாத பங்காளிதான். அதே காரணத்தால் ஓடு மாற்ற ஆளில்லாமல் விழுந்த வீடுகளும் உண்டு.

இடித்த வீட்டின் தூணும் கதவும் எங்கே போகும் என்று தெரிய வேண்டுமானால் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் ஒரு நடை நடந்து வாருங்கள்.

அனுமதித்த பிளானை மீறிக் கட்டுகிறார்கள். என்ன செய்வது?

தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுப் போட்டு, அனுமதி ஆணையும் அங்கீகரித்த வரைபடமும் கேளுங்கள். பதிலுக்கு 30 நாள். கையில் வரைபடம் இல்லாமல் போடும் புகார், வாய்ச்சண்டை. வரைபடத்தோடு போய், இந்தப் பக்கம் இரண்டு மீட்டர் விட வேண்டியது, ஒரு மீட்டர்தான் விட்டிருக்கிறார்கள் என்று அளவோடு எழுதிக் கொடுத்தால், 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 56, 57-ஆம் பிரிவுகளில் வேலையை நிறுத்தவும் சீல் வைக்கவும் அதிகாரம் இருக்கிறது. நகரவில்லையென்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை.

இன்னொரு பிடியும் உண்டு. இந்த அளவு வணிகக் கட்டடத்துக்கு முடிவுச் சான்று, அதாவது பிளான்படி கட்டி முடித்ததற்கான சான்று வாங்கினால்தான் நிரந்தர மின் இணைப்பு. கட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது, அந்த ஒரு மீட்டரை விட்டுவிடுங்கள். கரண்டு இல்லாத ஆபீசுக்கு வாடகை வராது.

வேறு ஊர்களில் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

மும்பையில் 1995-லேயே பாரம்பரியக் கட்டடங்களுக்கும் அவை இருக்கும் பகுதிகளுக்கும் தனி விதி கொண்டுவந்தார்கள். 2017-ல் உலகப் பாரம்பரிய நகரமான அகமதாபாத்தில், பழைய வீட்டை வைத்திருப்பவர் தனக்குக் கட்ட உரிமையிருந்தும் கட்டாமல் விட்ட பரப்பை வேறிடத்தில் கட்டுகிறவருக்கு விற்கலாம். அந்தக் காசில் ஓடு மாற்றலாம். நமக்கு உடனே வேண்டியது இந்த இரண்டாவது மாதிரி ஏற்பாடுதான். வீட்டைக் காப்பாற்று என்று வெறுங்கையோடு சொன்னால் எந்தப் பங்காளி கேட்பார்?

பழைய வீட்டையே ஆபீஸாக்கலாமா?

தாராளமாக. பயன்பாட்டு மாற்றத்துக்கு அனுமதி வாங்க வேண்டும், கழிப்பறை, சாய்தளம், வண்டி இடம் எல்லாம் காட்ட வேண்டும். பட்டாலையில் கூட்டம் நடத்தலாம், வளவு அறைகள் ஆளுக்கொன்றாக அமையும். கழிப்பறையைப் பின்கட்டுக்குக் கொண்டுபோங்கள், பழைய சுவரை ஒட்டி வேண்டாம். வயரிங்குக்காகக் காரைப்பூச்சில் கிரைண்டர் ஓட்ட வேண்டாம். குழாயைச் சுவருக்கு வெளியே ஓட்டினால் போதும். ஆத்தங்குடிக் கல்லை ஆசிட் ஊற்றிக் கழுவாதீர்கள். கண்ணாடியில் வார்த்த அந்த வழவழப்பு ஒருமுறை போனால் போனதுதான்.

அப்புறம், பாரம். மாடித் தளம் தேக்குச் சட்டத்தின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்டது. ஆள் நடக்கலாம், கல்யாணப் பந்தி போடலாம். ஒரு வீட்டில் மாடி நடு அறையில் இரும்பு ரேக் ஆறு வைத்து, கூரை வரைக்கும் பைல் அடுக்கிவிட்டார்கள். மூன்று மாதத்தில் கீழ்க் கதவு சாத்தவில்லை. தச்சரைக் கூப்பிட்டுக் கதவை இழைக்கப் போனார்கள். நல்லவேளை, தச்சர் இழைக்காமல் மேலே போய்ப் பார்த்தார். ரேக்கையெல்லாம் கீழே இறக்கி ஒரு மாதம் கழித்து, முழுசாக இல்லாவிட்டாலும் தாழ்ப்பாள் விழும் அளவுக்குக் கதவு திரும்பச் சாத்திக்கொண்டது.